எல்லைப்புறத் தமிழரும் தொழிற் பழகுநர் கல்வியும்



நம்மிற் பெரும்பாலோர் பிழைப்பை நாடித் தாயகத்தின் எல்லையைக் கடந்து வந்தவர்கள்; அல்லது அவ்வாறு வந்தவர்களின் மக்கள். மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் நம் குடும்பங்கள் வேரூன்றிய வரலாறு இதுவே. ஆனால், வீட்டை விட்டுப் பெயராமலே வேற்று மாநிலத்தாராகிவிட்ட தமிழரும் உண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்த மலபார் மாவட்டம் கேரளத்துடன் இணைந்தது. பாலக்காட்டு நகரத்துத் தமிழரும், வாளையாற்றுக் கணவாயை ஒட்டிய ஊரினரும், அட்டப்பாடி மலையினரும் அந்த ஒரே நாளில் மாநிலம் மாறினர். பழைய கொச்சி அரசுக்குரிய சித்தூர் வட்டமும், பழைய திருவிதாங்கூருக்குரிய தேவிகுளம், பீருமேடு வட்டங்களும் கேரளத்திலேயே நிலைத்தன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் பெரும் பகுதியும் தமிழகத்துடன் சேர்ந்தன. 1972ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் இடுக்கி மாவட்டம் தோன்றியபோது தேவிகுளமும் பீருமேடும் உடும்பன்சோலையும் அதனுள் அடங்கின.

அந்த எல்லைப்புறத்திற் பத்தாம் வகுப்பையோ பன்னிரண்டாம் வகுப்பையோ முடித்து நிற்கும் தமிழ்ப் பிள்ளை அடுத்து எங்கே செல்வது என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். சமுதாயக் கல்லூரிகளின் வாயிலாகத் தொழிற் பழகுநர் பயிற்சியை விரிவாக்க வேண்டும் என்னும் பேச்சு நாடெங்கும் எழுந்துள்ளது. அப்பேச்சு பாலக்காட்டு எல்லைக்கும் இடுக்கி மலைக்கும் எவ்வாறு பொருந்தும் என்பதைக் காண்போம். மொழி வேறுபட்ட மாநிலத்திற் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கும் இதிற் பாடம் உண்டு.

முதலில் மூணாற்று மலைக்குச் செல்வோம். 1897ஆம் ஆண்டு கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் அமைந்தது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்து மலையேற்றினர். அக்காலத்திலேயே அம்மலைக்குப் பொறித்தொழிலாளர் வேண்டியிருந்தனர். குண்டளைப் பள்ளத்தாக்கிற் சிறிய இருப்புப்பாதை ஒன்று ஓடியது. இன்று சுற்றுலாப் பயணிகள் காணச் செல்லும் டாப் ஸ்டேஷன் என்னும் முகட்டிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியவாறு போடிநாயக்கனூரை அடுத்த கொட்டகுடிக்கு இறங்கின. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இருப்புப்பாதையை அழித்துவிட்டது. ஆயினும் தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டுவதற்கும் உருட்டுவதற்கும் உலர்த்துவதற்கும் சலிப்பதற்கும் பொறிகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றைப் பழுது பார்க்கக் கைகளும் வேண்டியிருக்கின்றன. கொழுந்து கிள்ளும் தொழில் தாயிடமிருந்து மகளுக்குத் தானே வந்து சேர்ந்தது. பொறியை இயக்கும் தொழிலுக்கு அவ்வாறு ஒரு நேர்வழி அமையவில்லை.

தோட்டத்து வீடு வேலையுடன் கட்டுண்டது என்பதையும் நாம் நினைவிற் கொள்ளவேண்டும். குடியிருப்பு அளிக்கும் பொறுப்பை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்டத்தின்மீது வைத்தது. அது நல்ல ஏற்பாடே. ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. தாய் ஓய்வு பெற்றால் லயம் எனப்படும் வரிசை வீட்டை ஒப்படைக்க வேண்டும்; மகனோ மகளோ மருமகளோ தோட்டத்திற் பெயர் பதிந்தாலே வீடு தங்கும். எனவே, படித்த பிள்ளை ஒன்று கீழே நகரத்திற்குச் சென்று தொழில் கற்க விரும்பினால், அது தன் ஒருவரின் எதிர்காலத்தை மட்டுமன்றிக் குடும்பம் முழுவதும் உறங்கும் கூரையையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2005ஆம் ஆண்டு, தொழிலாளரையே பெரும்பான்மைப் பங்குதாரராகக் கொண்ட புதிய நிறுவனமாக மூணாற்றுத் தோட்டங்கள் மாற்றியமைக்கப்பட்டன. நாட்டில் அரிதாகக் காணப்படும் ஏற்பாடு அது. ஆயினும் 2015ஆம் ஆண்டு செப்டம்பரில், இருபது விழுக்காடு போனஸ் கோரித் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாற்று வீதியில் அமர்ந்தனர். பொம்பிளை ஒருமை என்னும் பெயரை நாடு அன்று அறிந்தது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். பங்கு கிடைத்தும் கூலி உயர்ந்தும், பிள்ளைக்கு வேறு தொழில் தெரியாதவரை அக்குடும்பம் அதே சரிவிற் குடியிருக்கும். தொழிற்கல்வி என்பது இங்கே உயிரைத் தொடும் செய்தி.

இனிப் பாலக்காட்டுப் பக்கம் வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலை விலகி நிற்கும் அக்கணவாயில் கஞ்சிக்கோடு என்னும் தொழிற்பேட்டை வளர்ந்துள்ளது. தொலைபேசிக் கருவி, கட்டுப்பாட்டு வால்வு, கனரக வாகனம், இரும்பு உருக்கு எனப் பலவகைத் தொழிற்சாலைகள் அங்கு அமைந்தன. வாளையாற்றில் மலபார் சிமெண்ட் ஆலை 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. இப்பேட்டைக்குத் தெற்கே சித்தூர் வட்டத்தில் வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை என்னும் ஊர்கள் உள்ளன. வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ் ஒலிக்கும் ஊர்கள் அவை. 2015இல் பாலக்காட்டு இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தன் முதல் வகுப்புகளை அங்குள்ள கோழிப்பாறையிலேயே தொடங்கிப் பின்னர்க் கஞ்சிக்கோட்டை அடுத்த நிலையான வளாகத்திற்குச் சென்றது. நாட்டின் உயர்ந்த தொழில்நுட்பக் கல்வி அவ்வூர்த் தென்னந்தோப்புகளின் நடுவே வந்து நின்றது. அத்தோப்புகளில் வேலை செய்வோரின் பிள்ளைக்கு அக்கழகத்தின் வாயில் எளிதில் திறவாது. கஞ்சிக்கோட்டு உருக்காலைகளிலோ வட இந்தியாவிலிருந்து வந்த இளைஞர்கள் உழைக்கின்றனர். ஊர்ப் பிள்ளைக்கும் ஊருக்கருகிலுள்ள பட்டறைக்கும் நடுவில் ஒரு பாலம் இல்லை என்பதே இதன் பொருள்.

அந்தப் பாலத்தைக் கட்டுவதற்குரிய சட்டம் புதிதன்று. தொழிற் பழகுநர் சட்டம் 1961ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 1962ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இரயில்வேப் பணிமனைகளில் ஆக்ட் அப்ரண்டிஸ் என்று வழங்கும் சொல் இச்சட்டத்திலிருந்து பிறந்ததே. ஒரு தொழிலைக் கற்க விரும்பும் இளைஞரும், கற்பிக்க இசையும் நிறுவனமும் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்கின்றனர். வயது நிரம்பாதவராயின் பெற்றோரோ காப்பாளரோ ஒப்பமிடுகின்றனர். பயிற்சிக் காலத்தில் மாத உதவித்தொகை உண்டு. முடிவில் தேர்வும் நாடு முழுவதும் செல்லுபடியாகும் சான்றிதழும் உண்டு. பதினான்கு வயது நிரம்பியிருத்தல், இடர் மிகுந்த தொழிலாயின் பதினெட்டு நிரம்பியிருத்தல், உரிய கல்வி, உடல் தகுதி ஆகியனவே சட்டம் வகுத்த தகுதிகள். இன்ன மாநிலத்திற் பிறந்தவராக இருக்கவேண்டும் என்னும் நிபந்தனை அச்சட்டத்தில் இல்லை. எல்லைப்புறத்தாருக்கும் நமக்கும் இது பெரிய செய்தி.

2014ஆம் ஆண்டுத் திருத்தம் இச்சட்டத்தை இன்னும் நெகிழச் செய்தது. அரசு குறித்த தொழில்களோடு நிற்காமல், நிறுவனமே தனக்கு வேண்டிய தொழிலுக்குப் பாடத்திட்டம் வகுத்துக்கொள்ளவும் அது வழி திறந்தது. 2016இல் தேசியத் தொழிற் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் வந்தது. உதவித்தொகையின் நான்கில் ஒரு பங்கை, மாதம் ரூ.1,500 என்னும் உச்சவரம்பிற்குட்பட்டு, நடுவணரசு ஏற்கும் என்றது அத்திட்டம். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, முப்பது பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் இரண்டரை முதல் பதினைந்து விழுக்காடு வரை பழகுநரை ஏற்க வேண்டும். நான்கு பேர் பணியாற்றும் சிறிய பட்டறையும் விரும்பினால் ஏற்கலாம். 2020இல் பல்கலைக்கழக மானியக் குழு, பட்டப் படிப்பினுள்ளேயே பழகுநர் பயிற்சியைச் சேர்ப்பதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது.

சமுதாயக் கல்லூரி என்பது என்ன என்று நேயர்கள் கேட்கலாம். ஊராருக்கு வேண்டிய தொழிலை, ஊராருக்கு எட்டும் தூரத்தில், குறைந்த கட்டணத்தில், குறுகிய காலத்திற் கற்பிக்கும் நிலையம் அது. அமெரிக்காவில் 1901ஆம் ஆண்டு ஜோலியட் நகரில் இவ்வகைக் கல்லூரி தோன்றியது. நம் நாட்டில் இவ்வியக்கம் தமிழ் மண்ணிலேயே முளைத்தது என்பது நமக்குப் பெருமை. 1995இற் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996இற் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. சேவியர் அல்போன்ஸ் அடிகளார் அவ்வியக்கத்தைத் தமிழகமெங்கும் பரப்ப உழைத்தவர். பள்ளியிலிருந்து இடைநின்ற பெண்களும் கூலி வேலை செய்யும் இளைஞரும் அவற்றில் இடம் பெற்றனர். 2013இற் பல்கலைக்கழக மானியக் குழுவும் நாடு தழுவிய திட்டமாக அதை ஏற்றது. கேரள அரசும் 2012 முதல் கூடுதல் திறன் பெறும் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. நாம் முன்னர்ச் சொன்ன வடகரப்பதியிலேயே சமுதாயக் கல்லூரி என்னும் பெயரில் ஒரு தொழிற்கல்வி நிலையம் அமைந்துள்ளது. ஆகவே விதை ஊன்றப்பட்டுவிட்டது. அது பரவ வேண்டும்.

பரவுவதற்குத் தடையாக நிற்பவை மூன்று. முதலாவது மொழி. தாய்மொழியிற் கற்பிக்கும் வசதியைச் சிறுபான்மையினர்க்கு அளிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது. 1956இற் சேர்க்கப்பட்ட அப்பிரிவு தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதித் தமிழர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் மறுமொழி பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தந்துள்ளது. பட்டறைக்கோ அத்தகைய ஏற்பாடு இல்லை. தமிழ்வழியிற் படித்த பிள்ளை பயிற்சி நிலையத்திற்குள் நுழைந்தால், ஆசிரியரின் விளக்கம் மலையாளத்தில் இருக்கிறது. பொறியின் மேலுள்ள எழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை அளக்கும் மைக்ராமீட்டரை முதன்முறை கையில் எடுப்பவனுக்கு, அளவைப் புரிந்துகொள்வதே போதிய வேலை; அதன்மேல் இரண்டு மொழிகளையும் சுமக்க வேண்டியிருக்கிறது. மின்னோட்டம் நிறுத்தப்பட்டதா என்னும் ஒரு வினாவையும் அதன் விடையையும் பிழையாகக் கேட்டால் கையே போய்விடும். பாதுகாப்புப் பாடத்தையேனும் தாய்மொழியிற் கற்பிக்க வேண்டும் என்பதற்கு வேறு காரணம் வேண்டுவதில்லை.

இவ்வாறு கூறுவதால் மலையாளம் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. கேரளத்திற் பிழைக்கப் போகிறவர் மலையாளத்தைப் பிழையின்றிப் பேசவும் படிக்கவும் வேண்டும். மும்பையில் மராத்தியையும் கொல்கத்தாவில் வங்காளியையும் கற்று முன்னேறிய நமக்கு இது தெரியாததன்று. தொடக்கத்தில் தமிழ், நாள்தோறும் சிறிது மலையாளம், கருவிகளுக்கு ஆங்கிலப் பெயர் என்ற ஒழுங்கிற் கற்பித்தால் ஆறு திங்களில் மூன்றும் கைவரும். ஒரே நாளில் மூன்றையும் தலையில் ஏற்றினால் பிள்ளை வீட்டிற்குத் திரும்பிவிடும். மறுநாள் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது தடை பணம். கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 2015ஆம் ஆண்டுப் போராட்டத்தின்பின் தேயிலைத் தொழிலாளரின் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. மாதம் இருபத்தாறு நாள் உழைத்தால் ரூ.7,826 வரும். அதற்கு நான்காண்டு பின்னர், 2019இல் வகுத்த விதியின்படி, பத்தாம் வகுப்புத் தேறிய பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் ரூ.6,000. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவருக்கு ரூ.7,000. தொழில் கற்கச் சென்ற பிள்ளை, தாய் முன்பே பெற்ற கூலியைவிடக் குறைவாகக் கொண்டு வருகிறது. நகரத்தில் தங்கவும் உண்ணவும் அதிலேயே செலவழிக்கிறது. அடுப்பெரியும் கவலையுள்ள வீட்டில் இக்கணக்கு எவ்வாறு முடியும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மூணாற்றிலிருந்து கட்டப்பனைத் தொழிற்பயிற்சி நிலையத்திற்குச் செல்வதாயின் இரண்டு மணி நேரத்திற்கும் மேற்பட்ட மலைப்பாதை. மழைக்காலத்தில் அப்பாதையும் நிச்சயமில்லை. 2018ஆம் ஆண்டுப் பெருமழையின் மண்சரிவில் மூணாற்று அரசுக் கல்லூரியின் கட்டடங்களே அழிந்தன. எனவே கல்லூரியைத் தேடிப் பிள்ளை செல்வதைவிட, பிள்ளை வாழும் இடத்திற்குக் கல்லூரி வருவதே முறை.

மூன்றாவது தடை சான்றிதழ். பட்டியல் சாதியினர்க்குப் பழகுநர் இடங்களில் ஒதுக்கீடு உண்டு என்று சட்டமே கூறுகிறது. தோட்டத் தொழிலாளரிற் பெருந்தொகையினர் அவ்வகுப்பினர். ஆனால் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தவர் தம் பட்டியல் சாதி உரிமையைத் தம்முடன் எடுத்துச் செல்ல முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதற் பட்டியல் வெளியான 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாளன்று குடும்பம் எந்த மாநிலத்தில் இருந்தது என்பதே கேள்வியாகிறது. பாட்டனார் எந்த ஆண்டு மலையேறினார் என்பதற்குப் பேரன் ஆதாரம் காட்ட வேண்டும். தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மிற் பலர் இத்துன்பத்தை நேரில் அறிந்தவர்கள். தோட்டத்துப் பழைய பதிவேட்டுப் படி, பள்ளிச் சான்று, வருங்கால வைப்புநிதிச் சீட்டு ஆகியவற்றைக் குடும்பங்கள் பெட்டியிற் பூட்டிப் பாதுகாக்க வேண்டும். சமுதாயக் கல்லூரி ஒன்று ஊரில் இருந்தால், மாணவனைச் சேர்க்கும்போதே இவ்வாதாரங்களைத் திரட்ட உதவும் அலுவலர் ஒருவரையும் வைத்திருக்கலாம்.

இத்தடைகளைக் கடக்க முடியும் என்பதற்கு அருகிலேயே சான்றுகள் உள்ளன. வாளையாற்றைத் தாண்டினாற் கோயம்புத்தூர். அங்கே 1926இற் பூ. சா. கோ. அறநிலையம் தொழிலகப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. கற்பவர் கற்கும் இடத்திலேயே விற்பனைக்குரிய பொறிகளும் உருவாகின. பின்னர் 1951இல் எழுந்த அதன் தொழில்நுட்பக் கல்லூரியில், படிப்பையும் பட்டறையையும் மாறிமாறி அடுக்கிய பொறியியற் படிப்பு நடைபெற்று வந்துள்ளது. கேரளத்திலோ, தலைசேரியை அடுத்த நெட்டூரில் 1959ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டாரின் உதவியுடன் ஒரு தொழிற்பயிற்சி அமைப்புத் தோன்றியது. கருவி செய்யும் நுண்தொழிலை அது நாட்டின் பல பகுதிகளுக்கும் கொண்டு சென்றது. மூணாற்றிலேயே சிருஷ்டி என்னும் அறநிலையம், தோட்டத் தொழிலாளரின் மாற்றுத் திறனுடைய பிள்ளைகளுக்கு இயற்கைச் சாயம் தோய்க்கவும் கையாற் காகிதம் செய்யவும் கற்பித்துள்ளது. அவர்கள் தோய்த்த துணி வெளிநாடுகளிலும் விலைபோகிறது. அப்பிள்ளைகளுக்குக் கைகூடியது மற்றப் பிள்ளைகளுக்கு ஏன் கைகூடாது?

வெளிநாடுகளிற் செருமனியை எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். அங்கே வாரத்தில் ஓரிரு நாள் பள்ளி. எஞ்சிய நாள்கள் தொழிற்சாலை. 1969ஆம் ஆண்டில் அதற்கெனத் தனிச்சட்டமும் வகுத்தனர். ஆயினும் தொழிலைச் செய்துகொண்டே கற்பது நமக்கு அயலார் சொல்லித்தர வேண்டியதன்று. சித்தாளாகச் சென்றவர் கொத்தனாராவதும், லாரியிற் கிளீனராக ஏறியவர் ஓட்டுநராவதும், பட்டறையில் கையாளாக நின்றவர் மெக்கானிக்காவதும் நம்மிடையே நாள்தோறும் காணும் நிகழ்ச்சி. குறை என்னவெனில், அவ்வாறு கற்றவர் கையில் ஏடு இல்லை. ஊர் மாறினால் மீண்டும் கையாளாகவே தொடங்க வேண்டும். பிற மாநிலம் சென்ற முதல் தலைமுறைத் தமிழர் எத்தனையோ பேர் இவ்விழப்பைப் பட்டவர்களே. பழகுநர் ஒப்பந்தம் அந்தக் கைத்திறனுக்குச் சான்று தருகிறது. இரயில்வேயில் கடைநிலைப் பணியிடங்களில் இருபது விழுக்காடு, அதன் பணிமனைகளிற் பழகுநர் பயிற்சி முடித்தவர்க்கு ஒதுக்கப்படுவதை இதற்குச் சான்றாகக் கூறலாம்.

இனி, எல்லைப்புறத்தில் இத்திட்டம் எவ்வுருவம் பெறவேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்போம். தேவிகுளம் வட்டத்திலொன்று, உடும்பன்சோலையிலொன்று, சித்தூர் வட்டத்திலொன்று, அட்டப்பாடியிலொன்று எனச் சமுதாயக் கல்லூரிகள் அடிப்படைப் பயிற்சியை அளிக்கலாம். புதிய கட்டடம் எழும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. சித்தூர் அரசுக் கல்லூரி 1947 முதல் நிலவுகிறது, அங்கே தமிழ்த் துறையும் உண்டு. மூணாற்றில் தொழிற்கல்விப் பிரிவுள்ள மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. மாலை நேரத்தில் அவற்றின் அறைகளும் பட்டறைகளும் பயன்படட்டும். முதல் மூன்று திங்கள் கல்லூரியில் அடிப்படைப் பாடம். பின்னர் வாரத்தில் ஐந்து நாள் தொழிலகம், ஒரு நாள் கல்லூரி.

தொழிலோ அந்தந்த மண்ணிலிருந்தே எழவேண்டும். மூணாற்றில் தேயிலைப் பொறி பழுது பார்த்தலும், மின்பணியும், விடுதிப் பணியும் உள்ளன. மறையூரில் வெல்லம் காய்ச்சுவோர் உள்ளனர். அவ்வெல்லம் 2019இற் புவிசார் குறியீடு பெற்றது. உடும்பன்சோலை வட்டம் ஏலக்காயின் இருப்பிடம். பறித்த பச்சைக் காயை ஏறத்தாழ ஐம்பது பாகை வெப்பத்தில், நிறம் கெடாமல் உலர்த்த வேண்டும். சூடு மிகுந்தால் காய் வெடிக்கும். குறைந்தால் பச்சை நிறம் மங்கும். உலர்ந்ததை ஏழு, எட்டு மில்லிமீட்டர்ச் சல்லடைகளிற் பிரித்த பின்னரே புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஏலத்தில் உரிய விலை கிட்டும். உலர்த்தும் அறையைக் காக்கத் தெரிந்தவரின் திறமை பல இலட்சம் ரூபாய்ச் சரக்கைக் காப்பது. ஆயினும் அதற்குப் பாடமும் இல்லை, பட்டயமும் இல்லை. நிறுவனமே பாடம் வகுக்கலாம் என்னும் 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தை இங்கே பயன்படுத்தலாம். தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக நாள்தோறும் ஜீப்பில் ஏறிவரும் தொழிலாளரின் மக்களும் இதனாற் பயனடைவர். சித்தூர்ப் பகுதிக்குப் பொருத்துநர், பற்றவைப்பாளர், கணிப்பொறி இயக்கும் கடைசற் பொறியாளர் ஆகிய தொழில்கள் ஏற்றவை. ஒரு பக்கம் கஞ்சிக்கோடும் மறுபக்கம் கோயம்புத்தூரும் இடம் தரும். சட்டம் நடுவணரசினது ஆகையால் ஒப்பந்தத்திற்கு மாநில எல்லை தடையன்று.

தோட்ட வீட்டைப் பற்றியும் ஓர் ஏற்பாடு வேண்டும். தோட்டக் குடும்பத்துப் பிள்ளை தோட்டத்தின் தொழிற்சாலையிலோ அருகிலுள்ள நிறுவனத்திலோ பதிவு பெற்ற பழகுநராக இருக்கும் காலம் வரை, தாய் ஓய்வு பெற்றாலும் அவ்வீடு அக்குடும்பத்திற்கு விடப்பட வேண்டும். ஓரிரண்டு ஆண்டுக் காலமே இது. தொழிற்சங்கங்களும் நிருவாகமும் கூலி ஒப்பந்தம் பேசும்போது இந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டால், இன்று தயங்கி நிற்கும் பல பிள்ளைகள் துணிந்து புறப்படும்.

எச்சரிக்கை ஒன்றையும் கூறிவிட வேண்டும். பயிற்சி என்னும் பெயரில் மலிவாக வேலை வாங்கும் இடங்களும் உண்டு. பட்டறையைப் பெருக்கவும் மூட்டை சுமக்கவும் மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டு முடிந்ததும் அனுப்பிவிடும் முதலாளியிடம் பிள்ளை கற்பது ஒன்றுமில்லை. பயிற்சிக்குப்பின் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஆனால் சில காப்புகளை அது தந்துள்ளது. உதவித்தொகையைச் செய்த வேலையின் அளவுக்கேற்பத் துண்டுக் கூலியாகக் கணக்கிடலாகாது. கிலோ கணக்கிற் கொழுந்து நிறுத்துக் கூலி பெற்ற வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இந்த ஒரு விதியே புதிய அனுபவம். வேலையிடத்தில் விபத்து நேர்ந்தாற் சட்டப்படி இழப்பீடு உண்டு. ஒப்பந்தப்படி நடவாமல் முதலாளி பயிற்சியை முறித்தால் அவர் ஈடு தரவேண்டும். பழகுநர் முறித்தாற் பயிற்சிச் செலவை அவர் பக்கத்தார் திருப்ப நேரிடும். எனவே ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்த பின்னரே ஒப்பமிட வேண்டும்; பின்னர் அது பதிவாகிவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளவும் வேண்டும். படித்துச் சொல்வதற்குத் தமிழறிந்த ஒருவர் கல்லூரியில் இருப்பாரானால் பாதிக் கவலை தீரும்.

பிற மாநிலத்துத் தமிழராகிய நாம் இதில் என்ன செய்யக்கூடும்? நம்மிற் பட்டறை நடத்துவோர் பலர். நான்கு பேர் வேலை செய்யும் பட்டறையும் பழகுநரை ஏற்கலாம் என்பதை முன்பே கண்டோம். பெங்களூரிலோ புனேயிலோ ஒரு தமிழர் பட்டறை, எல்லைப்புறப் பிள்ளை ஒருவரை ஆண்டுதோறும் முறைப்படி ஏற்றாற் போதும். ஓய்வு பெற்ற பொருத்துநரும் மின்பணியாளரும் சில திங்கள் மூணாற்றிலோ கொழிஞ்சாம்பாறையிலோ தங்கிக் கற்பிக்கலாம். தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவிற்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கைக் கொண்டு, தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் கருவிகளின் பெயரையும் பாதுகாப்பு விதிகளையும் படத்துடன் விளக்கும் கையேடு ஒன்றை அச்சிட்டுத் தரலாம். நம் சொந்தப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பட்டம் பெற்றும் வேலையின்றி வீட்டிலிருக்கும் இளைஞர் நம் குடியிருப்புகளிலும் உள்ளனர். அவர்கள் வாழும் மாநிலத்தில் அவர்களும் பழகுநராகப் பதிந்துகொள்ளலாம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பர் நம் முன்னோர். பழகுநர் சட்டம் ஏட்டில் ஏறி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. தேவிகுளத்து லயத்திலிருந்து ஒரு பெண், தேயிலைத் தொழிற்சாலையின் பொறிக்கூடத்திற்குள் கூடையின்றிக் கருவிப்பெட்டியுடன் நுழைய வேண்டும். எருத்தேம்பதியிலிருந்து ஒரு பிள்ளை, காலைப் பேருந்தேறிக் கஞ்சிக்கோட்டுக்குப் பயிற்சிக்குச் சென்று மாலையில் வீடு திரும்ப வேண்டும். அதற்கு வேண்டிய கல்லூரியையும் ஆசிரியரையும் தாய்மொழிப் பாடத்தையும் கேட்டுப் பெறுவது எல்லைப்புறத் தமிழரின் கடமை. கேட்கும் அவர்களுக்குத் துணை நிற்பது நம் கடமை.